காபி குடித்தால் ஏன் அவசரம்? புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம்

காபி குடித்த அரை மணி நேரத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பது புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள் அடிக்கடி சொல்லும் குறை. காபியால் சுரப்பி இன்னும் வீங்கிவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும். அந்தப் பயம் தேவையில்லை. சுரப்பி பெரிதாவதற்குக் காரணம் வயதும், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும். காபி தன் வேலையைக் காட்டுவது சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும்தான்.

இளவயதில் சுமார் 20 கிராம் எடையுள்ள புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயதாகும்போது வளர்வது பெரும்பாலும் குழாயை ஒட்டிய உட்பகுதி. அதனால் குழாய் நெருக்கப்படுகிறது. நெருக்கத்தை மீறிச் சிறுநீரைத் தள்ள வேண்டியிருப்பதால் பையின் தசை தடிக்கிறது. நாளடைவில், முழுதாக நிரம்பும் முன்பே தானாகச் சுருங்கும் பழக்கத்துக்கும் வந்துவிடுகிறது.

இதனால் இரண்டு வகைத் தொல்லைகள் உண்டாகின்றன. சிறுநீர் தொடங்கத் தாமதமாவது, தாரை மெலிவது, விட்டுவிட்டு வருவது, முடிந்த பிறகும் சொட்டுவது ஆகியவை வெளியேற்றும்போது வருபவை. அடிக்கடி போவது, அடக்க முடியாத அவசரம், இரவில் எழுந்திருப்பது ஆகியவை தேக்கிவைக்கும்போது வருபவை. காபி முக்கியமாகத் தீண்டுவது இந்த இரண்டாவது வகையைத்தான். காபியை நிறுத்தியும் தாரை வேகமாகவில்லையே என்று ஏமாற்றம் அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகத்தில் நடப்பதை முதலில் பார்ப்போம். அங்கே அடினோசின் என்ற பொருள், வடிகட்டப்பட்ட உப்பைத் திரும்ப உறிஞ்ச உதவுகிறது. காபியில் உள்ள காஃபின் என்ற பொருள், அடினோசின் அமர வேண்டிய ஏற்பிகளை, அதாவது செல்களில் அது பொருந்தும் இடங்களை, அடைத்துக்கொள்கிறது. உறிஞ்சப்படாத உப்பு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆனால் இந்த விளைவு தெளிவாகத் தெரிய ஒரே வேளையில் 250 முதல் 300 மில்லிகிராம் காஃபின் வேண்டும். தினமும் குடிப்பவரின் சிறுநீரகம் சில நாட்களிலேயே இதற்குப் பழகியும் விடுகிறது. பல நாள் இடைவெளிக்குப் பின் குடிக்கும் காபி அதிகம் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நாள்தோறும் குடிப்பவரைப் பொறுத்தவரை சிறுநீர்ப்பையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே அவசர உணர்வால் அவதிப்படுபவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வீதம் காஃபின் கொடுத்துச் சோதித்த சிறிய ஆய்வு ஒன்றில், வழக்கத்தைவிடக் குறைந்த அளவு சிறுநீர் சேர்ந்ததுமே போக வேண்டும் என்ற உணர்வு எழுந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 270 மில்லிகிராம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஒரு கணக்கில் காணலாம். பையின் கொள்ளளவு 400 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அடைப்பின் காரணமாக, போய்விட்டு வந்த பிறகும் 150 மில்லி உள்ளேயே தங்குகிறது. மிஞ்சும் இடம் 250 மில்லி. மணிக்கு 60 மில்லி சுரந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். காபிக்குப் பின் மணிக்கு 150 மில்லி சுரந்து, அவசர உணர்வும் 300 மில்லியிலேயே வந்துவிட்டால்? ஒரே மணி நேரம்தான். அடைப்பு கொஞ்சமும் மாறவில்லை. அவகாசம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. பையில் எதுவும் தங்காதவர் அதே காபியைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருப்பார்.

காஃபின் அளவு கோப்பைக்குக் கோப்பை மாறும். 240 மில்லி வடிகட்டிய காபியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம், 30 மில்லி எஸ்பிரசோவில் 63, ஒரு கோப்பை இன்ஸ்டன்ட் காபியில் 60, தேநீரில் 45-ஐ ஒட்டி. காஃபின் நீக்கிய காபியிலும் சில மில்லிகிராம் இருக்கும். பால் சேர்ப்பதால் காஃபின் குறையாது. எவ்வளவு தூள் போடுகிறோம் என்பதே கணக்கு. உடலில் புகுந்த காஃபினில் பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் இந்த நேரத்தை நீட்டிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு அதை எடுக்கும் நாட்களில் வழக்கமான காபியே இரட்டிப்பாகத் தாக்கலாம்.

காபிதான் காரணமா என்பதை ஊகத்தில் முடிவுசெய்யக் கூடாது. அளவுக் கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் குறித்துப் பாருங்கள்: குடித்தது என்ன, எவ்வளவு, எப்போது, போனது எத்தனை மில்லி, அவசரம் இருந்ததா. பிறகு இரண்டு வாரம் காஃபினைக் குறைத்துவிட்டு அதே மூன்று நாள் குறிப்பை மீண்டும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் போகும் அளவு கூடி, எண்ணிக்கை குறைந்தால் காபிக்குப் பங்கு உண்டு. இரவுச் சிறுநீரும் காலை முதல் சிறுநீரும் சேர்ந்து நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவில் எழுவதற்குக் காபியோ புராஸ்டேட்டோ மட்டும் காரணமில்லை. கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, ஒரு வாரம்கூட நீடிக்கலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தூளை காஃபின் நீக்கிய தூளாக மாற்றிக்கொண்டே வந்தால் தலைவலி பெரிதாக வராது. மாலைக் காபியை முதலில் விடுவது நல்லது. இரவுத் தூக்கத்தில் பலன் தெரியும். காபியோடு தண்ணீரையும் குறைப்பதுதான் பலர் செய்யும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலடையும், மலச்சிக்கலும் சேரும். பகலில் போதிய அளவு குடித்துவிட்டு, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் நிறுத்தினால் போதும்.

ஜலதோஷக் காலத்தில் சிறுநீர் திடீரெனச் சிக்கினால் காபி மேல் பழி போடாமல் மாத்திரையின் உறையைப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின், குளோர்ஃபெனிரமைன் என்ற பெயர்கள் இருந்தால் சந்தேகம் அங்கேதான்: முதலாவது பையின் வாயை இறுக்குகிறது, இரண்டாவது பையின் தசையைத் தளர்த்துகிறது. அடிவயிறு வலித்து ஒரு சொட்டும் வராவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கை நனைவது ஆகியவை இருந்தால், காபியைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.