நகர், வட்டாரத் திட்டமிடலில் முனைவர் பட்டம்: 2022 விதிகள் சொல்வது

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஐ.ஐ.டி.க்கள், டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் போன்றவை தத்தம் விதிகளையும் வைத்திருப்பதால், அந்தந்த நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பையும் படித்தாக வேண்டும்.

திட்டமிடல் மாணவர்கள் தடுமாறும் இடம் உதவித்தொகை. உதவித்தொகைக்கு வழியாகும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்வின் பாடப் பட்டியலில் புவியியல் இருக்கிறது, திட்டமிடல் என்று தனிப் பாடம் இல்லை. பொறியியல் முதலிய துறைப் பட்டதாரிகளுக்கான கேட் தேர்விலோ 'கட்டடக்கலையும் திட்டமிடலும்' என்ற தாளே உண்டு. அதில் திட்டமிடலைத் தனிப் பிரிவாகத் தேர்ந்தெடுத்தும் எழுதலாம். ஆகவே புவியியல் படித்து வருபவர் நெட் வழியாகவும், நகரமைப்பு முதுநிலை முடித்தவர் கேட் வழியாகவும் முயல்வதே நடைமுறைக்கு ஒத்தது. நெட் வழி இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்த பின் 42,000 ரூபாய். விடுதி வசதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. இத்தொகை முழுநேர ஆய்வாளர்களுக்கு மட்டுமே.

ஊரமைப்பு அலுவலகத்திலோ மாநகராட்சியிலோ பணியாற்றுபவர்கள் பகுதிநேரமாகச் சேரலாம். ஆனால் அலுவலகத்திலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரியில் வாங்கி வரும் கடிதம் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி தரப்படுகிறது, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடமளிக்கிறது, தேவைப்பட்டால் பாடநெறியை முடிக்க அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் தடையின்மைச் சான்றில் இருக்க வேண்டும். மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட மேலதிகாரிகள் தயங்குவது இயல்புதான். எனினும் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவு அலகு) கொண்ட பாடநெறியைப் பகுதிநேரத்தவரும் முடிக்க வேண்டியிருப்பதால் அந்த வரியை விட்டுவிட முடியாது.

கால அளவு குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவில் மேலும் 2 கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை உடையோருக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் சேர்ந்து 10 ஆண்டுகள் வரை போகலாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை தனியே உண்டு.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஓய்வுபெறும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பணி ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ள பேராசிரியர் புதிய ஆய்வாளரை ஏற்க விதி அனுமதிப்பதில்லை.