கீழே இருக்கும் கணினிக்கு மாடிக் கணினி ஏன் தெரியவில்லை?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டின் கீழ்த்தளத்தில் லுங்கி மொத்த வியாபாரம், மாடியில் குடித்தனம். கீழே பில் போட ஒரு கணினி. மேலே மகளின் கல்லூரி வேலைக்கு ஒரு கணினி, பிரிண்டர் அதில்தான் மாட்டியிருக்கிறது. இரண்டிலும் இணையம் வருகிறது. ஜிஎஸ்டி தளம் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் கீழேயிருந்து ஒரு பில்லை அச்சிட அனுப்பினால் மேலே போய்ச் சேர்வதில்லை. “அமெரிக்காவில் இருக்கும் கணினியோடு பேசுகிறது, மாடிப்படி ஏறினால் இருக்கும் கணினியோடு பேச மாட்டேன் என்கிறதே, இது என்ன நியாயம்?” என்பது அவருடைய ஆதங்கம். கடைசி வரியில் ஒரு தகவலையும் சேர்த்திருக்கிறார்: மேலேயிருந்து கீழே உள்ள கணினியின் ஃபோல்டர்களைத் திறக்க முடிகிறதாம். இந்த வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்குள் அவருக்கு இரண்டு யோசனைகள் இலவசமாகக் கிடைத்துவிட்டன. கணினிக் கடைக்காரர் விலை கூடிய புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாஸ்து தெரிந்த உறவினர், இருக்கும் ரவுட்டரை அக்னி மூலைக்கு மாற்றச் சொல்கிறார். வைஃபை அலைக்கு அக்னி மூலையும் தெரியாது, ஈசானிய மூலையும் தெரியாது. சுவரின் தடிமன் தெரியும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தெரியும், தண்ணீர் நிறைந்த தொட்டி தெரியும். அலையில் குறை இருந்தால் முதலில் யூடியூப் திக்கியிருக்கும். அது திக்கவில்லை என்றால் அலையை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டு யோசனைகளில் வாஸ்துவுக்காவது பணம் செலவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு கணினியிலும் இணையம் வருகிறது என்பதால் அவை ஒன்றுக்கொன்று அக்கம்பக்கம் என்று ஆகிவிடாது. இணையத்துக்குப் போக ஒவ்வொரு கணினியும் ரவுட்டரோடு தனித்தனியாகப் பேசினால் போதும். பக்கத்துக் கணினியோடு பேச வேறு ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாட்டை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கப்படும் எண்ணான ஐபி முகவரி பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் நான்கு எண்கள். வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதால் காட்பாடியிலும் ஆம்பூரிலும் ஆயிரம் வீடுகளில் இதே எண்கள் இருக்கலாம், மோதல் வராது. கூடவே 255.255.255.0 என்று ஒரு ‘சப்நெட் மாஸ்க்’ இருக்கும். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் அது நம் தெரு, இல்லாவிட்டால் வெளியூர் என்று கணினி முடிவு செய்வது இதை வைத்துத்தான். வெளியூர் என்றால் யோசனையே இல்லாமல் ரவுட்டரிடம் கொடுத்துவிடும். நம் தெரு என்றால் தானே நேராகக் கொண்டு போய்க் கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கேபிளும் வைஃபையும் ஐபி முகவரியைப் பார்த்துத் தகவலைக் கொண்டு சேர்ப்பதில்லை. அவற்றுக்குத் தெரிந்தது நெட்வொர்க் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படும் 48 பிட் மேக் முகவரி மட்டுமே. மேலே இருக்கும் கணினியின் ஐபி முகவரி, ஒரு பேச்சுக்கு, 192.168.1.40 என்று கீழே இருக்கும் கணினிக்குத் தெரிந்தாலும், அதன் மேக் முகவரி தெரியாமல் ஒரு பிட்டைக்கூட அனுப்ப முடியாது. அதை யாரிடம் கேட்பது? பதிவேடு எதுவும் எங்கும் இல்லை.

1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிய ஆர்எஃப்சி 826 என்ற சிறிய ஆவணம் இதற்கு விடை சொன்னது. பெயர் ஏஆர்பி. வழி மிக எளிது: எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுக் கேட்டுவிடு. வேலூரின் பெரிய மருத்துவமனையில் வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். செவிலியர் வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். கூடத்தில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிறது. ஒருவர் மட்டும் எழுந்து போகிறார், மற்றவர்கள் மறுபடி செல்பேசியில் மூழ்குகிறார்கள். யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்ற பட்டியல் செவிலியருக்குத் தேவையே இல்லை. ஆனால் வெளியே டீக்கடைக்குப் போனவருக்கு அந்தக் குரல் கேட்காது.

கணினி இதை எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மேக் முகவரியில் 48 பிட்டுகளையும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிரப்பினால் அது ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் தனி முகவரி. அந்த முகவரியிட்டு வெறும் 28 பைட் அளவுள்ள ஒரு கேள்வி கிளம்புகிறது: “192.168.1.40 யாருடையது? 192.168.1.34க்குச் சொல்லவும்.” டிவி, செல்பேசிகள், கேமரா என்று வீட்டில் இணைந்திருக்கும் எல்லாமே இதைக் கேட்கின்றன. தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிடுகின்றன. உரிய கணினி மட்டும் “நான்தான், என் மேக் முகவரி இது” என்கிறது. இந்தப் பதிலை அது ஊருக்கே சொல்வதில்லை, கேட்டவருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறது.

எனக்குச் சலிக்காத நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. கேட்கும் கணினி தன் ஐபி முகவரியையும் மேக் முகவரியையும் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. ஆகவே பதில் சொல்லப்போகும் கணினி, கேட்டவர் யார் என்று திரும்ப ஒரு கூப்பாடு போட வேண்டியதில்லை. கேள்வி வந்த கணத்திலேயே குறித்துக்கொள்கிறது. ஒரு முறை கேட்டதில் இரண்டு பேருக்கும் அறிமுகம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் கணக்குப் பார்த்த காலத்துச் சிக்கனம் இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உங்கள் வீட்டில் இது ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ‘சத்தம் போட்டுப் பேசும்’ வழக்கத்தின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு, தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலையில் இணைக்க 1971இல் அலோஹாநெட்டை ஓடவிட்டது. செலவில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணம். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டைத் தொடங்கினார். ஏஆர்பி யாருடைய காப்புரிமையும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியானது. நம் ஊரில் ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்று படிவத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கிறார்கள். தீவுகளுக்கிடையே வானொலியில் கணினி பேசுவதால் குடியாத்தத்தில் பில் அச்சாகும் என்று ஏப்ரம்சனாலும் எழுதியிருக்க முடியாது. அந்தப் படிவங்களைத் தயாரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, கோளாறுக்கு வருவோம். இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அறியவில்லை என்றால், கூப்பாடு ஏதோ ஓரிடத்தில் தடுக்கப்படுகிறது. அந்தச் சுவர் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நம் வாசகர் கொடுத்துப் பார்த்து அனுப்பிய எண்கள்: கீழே 192.168.1.34, மேலே 192.168.0.101. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். இவை ஒரே கூடத்தில் இல்லை.

காரணம் வேலூர்ப் பக்கத்து மாடி வீடுகளில் அடிக்கடி காண்பதுதான். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டி கீழே இருக்கிறது. அதுவே ஒரு ரவுட்டர். தளத்தைத் தாண்டி வைஃபை எட்டவில்லை என்று, பழைய ரவுட்டரை மேலே வைத்து, கீழ்ப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதன் ‘வேன்’ துளையில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில், செருகியிருக்கிறார்கள். ரவுட்டரின் பிறவிக் குணமே கூப்பாட்டைத் தன்னைத் தாண்டி விடாமல் இருப்பது. அது இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளின் கூப்பாடும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மேல் ரவுட்டர் தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரி. மேலே இருக்கும் கணினி கீழே உள்ளதைத் தேடும்போது அது ‘வெளியூர்’ என்று தன் ரவுட்டரிடம் கொடுக்கிறது. அந்த ரவுட்டரின் ஒரு கால் கீழ் நெட்வொர்க்கில் இருப்பதால், அனுப்பியவர் இடத்தில் தன் முகவரியைப் போட்டு, கொண்டு சேர்த்துவிடுகிறது. கீழிருந்து மேலே போகும்போது கதை வேறு. 192.168.0 என்ற நெட்வொர்க் எங்கே இருக்கிறது என்று கீழ்ப் பெட்டிக்குத் தெரியாது. தகவலை இணையத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது, அது அங்கே தொலைகிறது. ஒரு திசையில் போகும், மறு திசையில் போகாது என்று யாராவது சொன்னால், இடையில் இரண்டாவது ரவுட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பரிகாரத்துக்குப் பைசா செலவில்லை. மேல் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால், அதன் முகவரியை 192.168.1.2 போல யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றி, முகவரி விநியோகிக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து பிடுங்கி வீட்டுக் கணினிகளுக்கான ‘லேன்’ துளையில் செருகினால் போதும். அதன் பிறகு அது ரவுட்டராக நடந்துகொள்ளாது, கூப்பாட்டை மேலும் கீழும் கடத்திவிடும்.

முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? மற்றக் கணினியின் எண்ணைக் கொடுத்து, ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பார்க்கும் ‘பிங்’ கட்டளையைக் கொடுங்கள். தோல்வி இரண்டு விதமாக வரும், இரண்டும் ஒன்றில்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று, அதுவும் உங்கள் கணினியின் எண்ணிலிருந்தே பதில் வந்தால், கூப்பாட்டுக்கு யாரும் எழுந்து வரவில்லை என்று பொருள். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால், மேக் முகவரி கிடைத்துவிட்டது, அதன் பிறகு அனுப்பிய பிங்குக்குத்தான் பதில் இல்லை. சந்தேகம் இருந்தால் உடனே ‘ஆர்ப்’ (arp) என்று எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘ஏ’ எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். கணினி குறித்துவைத்திருக்கும் அறிமுகங்கள் வரிசையாக வரும். தேடும் எண்ணுக்கு நேரே மேக் முகவரி இருந்தால் கேபிளும் வைஃபையும் குற்றமற்றவை. விண்டோஸின் காவல்காரனான ஃபயர்வால் பிங்கைத் தடுக்கும், ஏஆர்பியைத் தடுக்காது.

முதல் வகை என்றால் பெரும்பாலும் வைஃபைதான் சுவர். விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் ஒரு கணினி இணைந்திருக்கலாம். அல்லது கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். வைஃபையில் இரு கருவிகள் பேசுவது நடுவில் இருக்கும் பெட்டி வழியாகத்தான் என்பதால், அது மறுத்தால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. லாட்ஜில் தங்குபவர்களுக்கு இது பாதுகாப்பு, வீட்டில் தொல்லை. ஒரு கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால் அதற்கு டிஹெச்சிபி முகவரியே கிடைக்கவில்லை, இணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை என்றால் விண்டோஸ் உங்கள் வீட்டை ‘பப்ளிக்’ நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ‘பிரைவேட்’ என்று மாற்றி, கோப்புப் பகிர்வை அனுமதித்தால் கதவு திறக்கும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பூட்டு சிக்கினால் கதவைக் கழற்றுவார்கள் போலிருக்கிறது.

‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்ற மந்திரம் சில நேரம் பலிப்பதற்கும் காரணம் உண்டு. மின்சாரம் போய் வந்தபின் பல ரவுட்டர்கள் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை மறந்து புதிதாக விநியோகிக்கின்றன. நேற்று 40இல் இருந்த கணினி இன்று 36இல் இருக்கும், நீங்கள் சேமித்துவைத்த குறுக்குவழி பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் அதிர்ஷ்டவசமாகப் பழைய எண்ணே கிடைக்கலாம். பலித்ததால் மந்திரம் நிலைத்துவிட்டது. ரவுட்டரில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு ஓர் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் மந்திரம் தேவைப்படாது.

இத்தனையும் சரியாகி, பிங் போய் வந்தும், ‘நெட்வொர்க்’ பட்டியல் காலியாக இருக்கலாம். அது வேறு ஏற்பாடு. பழைய விண்டோஸில் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி, பட்டியல் பராமரிக்க ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அணைத்துவிட்ட கணினியின் பெயர்கூட அரைமணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உயிரோடிருக்கும். அந்த முறை எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையை நம்பியிருந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை வைரஸ் உலகை ஆட்டியது அதே எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாக. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவது நின்றது, தேர்தலும் நின்றது. இப்போது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை இயங்கினால்தான் கணினி தன் பெயரை அறிவிக்கும். பழைய எஸ்எம்பி1ஐத் தேடிப் பிடித்து மறுபடி நிறுவாதீர்கள். பட்டியலே வேண்டாம் என்றால், முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளுக்குப் பிறகு ஐபி முகவரியைத் தட்டினாலே போதும்.

கடவுச்சொல் கேட்டு நின்றுவிட்டால், எதிர்க் கணினியின் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட முகவரியிலிருந்து பதில் வரலாம். பதறத் தேவையில்லை, அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி. அதில் ஏஆர்பி கிடையாது. எல்லோரையும் எழுப்பாமல், தேடும் முகவரியின் கடைசி 24 பிட்டுகள் யாருக்குப் பொருந்துமோ அவர்களை மட்டும் தட்டிக் கேட்கிறது. பழைய எண்ணிலேயே பதில் வேண்டுமென்றால் பிங் கட்டளையோடு சிறுகோடும் 4 என்ற எண்ணும் சேர்த்துக் கொடுங்கள்.