இருளர் குடும்பத்துக்கு ஜன்மன் வீடு: பணம் இருக்கிறது, எங்கே சிக்குகிறது?

ஜன்மன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரதமரின் பழங்குடியினர் திட்டம் 2023 நவம்பர் 15 அன்று தொடங்கியது. எல்லாப் பழங்குடியினருக்கும் இது கிடையாது. மிகவும் நலிந்த நிலையில் இருப்பதாக அரசு வகைப்படுத்திய 75 சமூகங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, தமிழக மலைகளில் வாழும் சமூகம்) எண்ணிக்கையில் பெரிய பழங்குடி என்றாலும் இந்தப் பட்டியலில் இல்லை, அதனால் ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ யாராவது வந்து "ஜன்மன்ல உன் பேரைச் சேர்த்துடறேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு மத்திய திட்டப்படி 2 லட்சம் ரூபாய். அதோடு ஊரக வேலைத் திட்டக் கூலி, கழிப்பறைக்கு 12,000 எல்லாம் சேர்த்து 2.39 லட்சம் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைய சிமென்ட், கம்பி விலைக்கு இது காணாது, தமிழக அரசு மேற்கொண்டு தன் பணத்தையும் சேர்க்கிறது. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்குத் தவணை தவணையாக வரும், கட்டுமானம் எதுவரை வந்திருக்கிறது என்று அங்கேயே செயலியில் படம் எடுத்தால்தான் அடுத்த தவணை. கட்டுவது பயனாளியின் பொறுப்பு, இடையில் கான்ட்ராக்டர் நுழையக் கூடாது என்பதே விதி.

சரி, வீடு கட்ட மனை வேண்டாமா? செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் தலைமுறையாகக் குடியிருக்கிற இருளர்களிடம் பட்டா இருப்பதில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா தர மாட்டார்கள், அங்கேயே கேட்டு வருடங்களை வீணாக்க வேண்டாம். மாற்று இடத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டு, குடியிருப்பாகச் சேர்ந்து தாசில்தாரிடம் மனு கொடுங்கள். காட்டு நிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வாழ்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனி வழி, அது கிராம சபை மூலமாகப் போகும்.

அடுத்த முட்டுக்கட்டை சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தருவார். அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை மனுவோடு வைப்பது நல்லது.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனால் ஆடி நெருங்கும்போதுதான் திரும்புகிறார்கள், ஆண்டுக்கு ஆறு கிராம சபையில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1 என மூன்று அதற்குள்ளேயே முடிந்துவிடும். கணக்கெடுக்க வருகிறவர் பூட்டிய குடிசையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், அப்புறம் பட்டியலில் பெயர் எங்கிருந்து வரும்? இது 2023-24 முதல் 2025-26 வரை என்று ஒப்புதல் பெற்ற திட்டம், அதனால் புதுப் பெயர்கள் இப்போது சேர்க்கிறார்களா என்று முதலில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

பிழைப்புக்கு இதே திட்டத்தில் வன்தன் மையங்கள் உண்டு, அதாவது காட்டில் சேகரிக்கிற பொருளைப் பதப்படுத்தி விற்க உதவும் மையங்கள். தேனும் நெல்லிக்காயும் சேகரிக்கிற நீலகிரிக்கு அது பொருந்தும், காடே இல்லாத சமவெளி இருளருக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றபிறகு, 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்கள் கையில் இருந்த வித்தையையே விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றியது. அப்படி யோசித்த திட்டம் அபூர்வம்.

முன்பணத்தைச் சொல்லி சூளையை விட்டு வெளியே விடவில்லை என்றால் அது கொத்தடிமை முறை. 1976 சட்டப்படி அந்தக் கடன் செல்லாது, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ புகார் கொடுங்கள். மீட்டபிறகு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விடுதலைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வுத் தொகை, வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். இந்தப் பணத்தைக் கேட்கப் போகும்போது அதிகாரிகள் முதலில் பார்ப்பது அந்தச் சான்றிதழைத்தான்.