ரேடியேட்டர்: பெயரில் கதிர், வேலையில் காற்று

இலத்தீனில் 'ராடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கதிரையும் அதே சொல்லால் குறித்தார்கள். அதன் வழிவந்ததே ரேடியேட்டர். ரேடியோவும் ரேடியமும் இதன் பங்காளிகள். நேராகப் பெயர்த்தால் 'கதிர்வீசி'.

ஆனால் வண்டியில் இது கதிர் வீசுவது சொற்பம். இன்ஜினிலிருந்து வரும் சுடுநீரின் வெப்பம் குழாய்ச் சுவர் வழியே மெல்லிய தகடுகளுக்கு ஏறுகிறது. தகடுகளுக்கிடையே பாயும் காற்று அதை அள்ளிச் செல்கிறது. பள்ளிப் பாடம் இதை வெப்பச்சலனம் என்கிறது. 1901-இல் வந்த மெர்செடஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டர் அமைத்ததும் காற்று படும் பரப்பைப் பெருக்கத்தான். ஆகவே 'கதிர்வீசி' பிறமொழியின் பிழையைத் தமிழுக்கும் சுமந்து வருகிறது. 'வெப்பமாற்றி' பரவாயில்லை, ஆனால் அது வேறு பல கருவிகளுக்கும் பொருந்தும். என் தேர்வு 'வெப்பநீக்கி'.

பழைய பிக்கப் வண்டி சூடேறும்போது இந்தப் பொருள் வேறுபாடு கைகொடுக்கும். நெரிசலில் நிற்கும்போது மட்டும் வெப்பமானியின் முள் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றுப் பக்கம் குறை. இன்ஜினை அணைத்து, ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால், ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும். தகடுகளின் இடுக்கில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முன்னால் ஏசியின் கண்டென்சர் இருந்தால் அழுக்கு இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும்.

நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் தண்ணீர்ப் பக்கம் சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தியபின் புறங்கையைத் தகடுகளின் அருகே கொண்டுபோனால், சில இடங்கள் மட்டும் குளிர்ந்திருப்பது தெரியும். அங்கே குழாய் அடைத்திருக்கிறது. இன்ஜின் கொதித்தும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், சூட்டுக்கேற்ப நீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பதே முதல் ஐயம்.

மூடியையும் மறக்கக் கூடாது. அது அழுத்தத்தைத் தாங்கிக் கொதிநிலையை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்துகிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால், மற்றெல்லாம் சரியாக இருந்தாலும் நீர் முன்னதாகவே கொதிக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள், வெந்நீர் முகத்தில் பீய்ச்சும். ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது, வாயில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால் வெப்பநீக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.