ரயில்வே வேலைக்கு ஃபார்ம் போடும் முன்னால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்), ஸ்டேஷன் மாஸ்டர், கூட்ஸ் டிரெயின் மேனேஜர், பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டிக்குப் பாதை மாற்றுபவர்). வண்டியை ஓட வைக்கிற வேலைகளில் வெளியிலிருந்து நேரடியாகச் சேர வழி உள்ளவை முக்கியமாக இவைதான். டிரெயின் மேனேஜர் என்பது நாம் கார்டு என்று சொல்லிப் பழகியவர், 2022இல் பெயரை மாற்றினார்கள். பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ தனி நிறுவனம், அது தனியாக ஆள் எடுக்கும். நான் சொல்வது இந்திய ரயில்வேயைப் பற்றி, அதாவது ஆர்ஆர்பி என்கிற ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியம் நடத்தும் தேர்வைப் பற்றி.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும், மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் இங்கே வேலைக்கு வந்துபோகும் தங்கவயல் குடும்பங்களிலும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கணக்கும் ரீசனிங்கும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள், ஆனால் படிவத்தில் என்ன நிரப்புகிறோம் என்பதை யோசிப்பதில்லை. வேலை கை நழுவுவது பல நேரம் அங்கேதான்.

முதலில் கண். அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை, நிறம் பிரித்தறிவது, இரவுப் பார்வை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். லேசிக் செய்து பவரை எடுத்துவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது நடக்காது, அந்த மாதிரி அறுவை சிகிச்சை செய்தவர்களை இந்தப் பதவிக்கு எடுப்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் டிரெயின் மேனேஜருக்கும் ஏ-2, கண்ணாடி இல்லாமல் 6/9 போதும், ஆனால் நிறப்பார்வையில் அங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை எல்லாத் தேர்வும் முடிந்து கடைசியில்தான் வரும். இரண்டு வருடம் படித்து, கடைசிப் படியில் நிறக்குறை என்று திரும்பி வருவது எவ்வளவு பெரிய வேதனை! அதனால் ஃபார்ம் போடுவதற்கு முன்பே ஒரு கண் டாக்டரிடம் போய், இந்த வேலைக்காக என்று சொல்லியே பார்த்துவிடுங்கள். நிறக்குறை இருந்தால் டிக்கெட் கிளார்க், அக்கவுன்ட்ஸ் கிளார்க் மாதிரியான பதவிகளின் மருத்துவத் தகுதி என்ன என்று அறிவிப்பின் பின்னிணைப்பில் பாருங்கள், பதவிக்குப் பதவி அங்கே போட்டிருக்கும்.

அடுத்தது எந்த போர்டு என்பது. நாட்டில் 21 ஆர்ஆர்பி இருக்கின்றன, நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எதற்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரு அறிவிப்புக்கு ஒரே ஒரு போர்டுதான். இரண்டு போர்டுக்குப் போட்டால் எல்லாமே தள்ளுபடி. பெங்களூரு போர்டைத் தேர்ந்தால் பெரும்பாலும் தென்மேற்கு ரயில்வே, அதாவது ஹூப்ளி, மைசூரு, பெங்களூரு கோட்டங்கள். சென்னை போர்டு என்றால் தெற்கு ரயில்வே. ஓசூரும் தர்மபுரியும் தமிழ்நாட்டில் இருந்தாலும் பெங்களூரு கோட்டத்துக்குள்தான் வருகின்றன, இது பலருக்குத் தெரியாது. தேர்வு மையம் கிட்ட இருக்கும் என்பதற்காகப் போர்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மையம் எந்த ஊரிலும் விழலாம். வேலை எங்கே பார்க்கப் போகிறோம் என்று யோசித்துப் போடுங்கள். பிறகு சொந்த விருப்பத்தில் வேறு மண்டலத்துக்கு மாற்றல் கேட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம், கிடைத்தாலும் சீனியாரிட்டியில் கடைசி ஆளாகத்தான் சேர முடியும்.

படிப்பு, சம்பளம் சுருக்கமாக. அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்குப் பத்தாவதோடு குறிப்பிட்ட டிரேடில் ஐடிஐ, அல்லது குறிப்பிட்ட பொறியியல் பிரிவுகளில் டிப்ளமோ, டிகிரி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். இதற்கு மேல் படிகளும், ஓடும் கிலோமீட்டருக்கான அலவன்ஸும் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏதாவது ஒரு டிகிரி, அடிப்படை 35,400. டிரெயின் மேனேஜருக்கும் டிகிரிதான், 29,200. பாயின்ட்ஸ்மேன் சம்பள வரிசையில் லெவல் 1, அதாவது 18,000. அதில் உடல் தகுதித் தேர்வும் உண்டு. ஆண்கள் 35 கிலோவைத் தூக்கிக்கொண்டு 2 நிமிடத்தில் 100 மீட்டர் போக வேண்டும், 1000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ, ஓட்டம் 5 நிமிடம் 40 விநாடி.

லோகோ பைலட் ஆக ஆசைப்படுபவர்கள் சிபிஏடி என்கிற கணினித் திறன் தேர்வை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவாற்றல், கவனம், சொன்னபடி செய்வது, ஆழம் அறிவது, பார்த்த வேகத்தில் புரிந்துகொள்வது என்று ஐந்து சோதனைகள், ஒவ்வொன்றிலும் டி-ஸ்கோர் (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) 42 வந்தே தீர வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் சலுகை கிடையாது. முதல் இரண்டு கட்டத் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம், ஆனால் சிபிஏடி கேள்விகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் அந்தக் கேள்விகளின் ஆங்கிலத்துக்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லது. இறுதி மெரிட்டில் 30 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது.

இனி நம் ஆட்களுக்கே உரிய சிக்கல்கள். பத்தாவது சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, இது நம் வீடுகளில் சாதாரணம். பெயரும் பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அறிவிப்பு வந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்காமல் இப்போதே திருத்திவிடுங்கள். அப்புறம் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழோ கர்நாடகத்தின் 2ஏ, 3ஏ சான்றிதழோ அப்படியே செல்லாது. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில், வரவில்லை என்று குறிப்பிட்டு மத்திய அரசு வேலைக்கான படிவத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

பணம் கொடுத்தால் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2022இல் மோசடிக்காரர்கள் சிலர் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரிடம் மொத்தம் 2.67 கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு, டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) பயிற்சி என்று சொல்லி புது தில்லி ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் தினம் 8 மணி நேரம் வந்துபோகும் ரயில்களை எண்ண வைத்தார்கள், ஒரு மாதம் போல அது நடந்தது. படித்த பிள்ளைகள், குடும்பம் கடன் வாங்கி அனுப்பியவர்கள். உண்மையான செலவு என்ன தெரியுமா? பொதுப் பிரிவுக்கு 500 ரூபாய், முதல் தேர்வு எழுதினால் அதில் 400 ரூபாய் வங்கிப் பிடித்தம் போகத் திரும்பி வரும். பெண்கள், எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினர் முதலியோருக்கு 250, அது வங்கிப் பிடித்தம் போக மீதி எல்லாமே திரும்பும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குத் தேர்வுக்குப் போய்வர ஸ்லீப்பர் வகுப்பில் இலவசப் பயணமும் உண்டு.

2024 முதல் ஆண்டு அட்டவணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். லோகோ பைலட் அறிவிப்பு ஜனவரி முதல் மார்ச்சுக்குள், ஸ்டேஷன் மாஸ்டர் அடங்கிய என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பதவிகள்) ஜூலை முதல் செப்டம்பருக்குள், லெவல் 1 அக்டோபருக்குப் பிறகு. மாதம் முன்னே பின்னே ஆகலாம். எம்ப்ளாய்மென்ட் நியூஸிலும் ஆர்ஆர்பி தளங்களிலும்தான் அறிவிப்பு வரும், வாட்ஸ்அப்பில் வருவதை அங்கே சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

ஐடிஐ முடித்து, தேர்வுக்கு இன்னும் தயாராகாதவர்கள் ரயில்வே பணிமனைகளின் அப்ரென்டிஸ் பயிற்சியையும் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண் அடிப்படையில் எடுக்கிறார்கள். அது வேலைக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் முடித்தவர்களுக்கு லெவல் 1 இடங்களில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். தென்மேற்கு ரயில்வேயில் இதை நடத்துவது ஹூப்ளியில் உள்ள ஆர்ஆர்சி என்கிற ஆட்சேர்ப்புப் பிரிவு, சென்னை பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை தனியாக அறிவிப்பு விடும்.