மாத்திரை இல்லாமல் பி.பி. குறையுமா?

"மாத்திரை வேண்டாம் டாக்டர், இயற்கையாகவே குறைத்துக்கொள்கிறேன்." ரத்த அழுத்தம் இருக்கிறது என்று முதல்முறை சொல்லும்போது பலரும் சொல்வது இதுதான். தப்பே இல்லை. உப்பு, எடை, நடை, தூக்கம், மது இவற்றைச் சரிசெய்தால் அழுத்தம் இறங்கும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால் எதை, எவ்வளவு, எப்போதிருந்து என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. மாத்திரைக்கு அளவும் வேளையும் இருப்பதுபோல இதற்கும் வேண்டாமா? அளந்து பார்க்காவிட்டால் இறங்கியதா இல்லையா என்றுகூடத் தெரியாது. தலைவலி இல்லை, அதனால் பி.பி. இல்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது எந்த அறிகுறியும் காட்டாது.

மருத்துவமனையில் 140/90, வீட்டில் எடுத்த சராசரி 135/85. தொடர்ந்து இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உயர் ரத்த அழுத்தம் என்பதுதான் பரவலான கணக்கு. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017 முதல் 130/80-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. எல்லை எதுவானாலும் அபாயம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுமார் 10 லட்சம் பேரின் தரவை அலசி 2002-இல் வெளியான ஆய்வில், 40 முதல் 69 வயதுள்ளவர்களுக்கு 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 ஏற்றத்துக்கும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

வீட்டில் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள் என்போம். சில நோட்டுகளில் வரிசையாக 120/80, 120/80, 130/80 என்றே இருக்கும். கருவி இப்படி எப்போதும் பூஜ்யத்தில் முடியும் எண்ணாகவே காட்டாது. கேட்டால், "முதல்ல 152 வந்துச்சு, சரியா இல்லைன்னு திரும்பத் திரும்ப எடுத்து, குறைஞ்சதும் எழுதினேன்" என்பார்கள். எனக்கு வேண்டியது அந்த 152-உம்தான்! முறை எளிது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ கூடாது. துணிக்கு மேல் பட்டையைச் சுற்ற வேண்டாம், கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள்.

உப்புக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நான் உப்பே சேர்ப்பதில்லை" என்று சொல்பவர் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கதை வேறு. அதில் போட்டிருக்கும் சோடியம் மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரே பாக்கெட்டில் ஒரு நாளைய அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. பாறை உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாமே பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், காசு மட்டும் கூடுதல். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு உண்மையிலேயே உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

1997-இல் வந்த டாஷ் என்ற உணவுமுறை ஆய்வில் உப்பையும் எடையையும் மாற்றவே இல்லை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்களைக் கூட்டி, உணவில் கொழுப்பைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது, அதுவும் சில வாரங்களில். ஒரு மாத்திரைக்குச் சமமான இறக்கம் இது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நடை வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். மது குறையக் குறைய நல்லது. பூண்டு, பீட்ரூட் சாறு பற்றியும் கேட்பார்கள். சாப்பிடுங்கள், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் இறங்காதவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொல்கிறார்களா? தூக்க மூச்சுத்தடை இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்காமல் அழுத்தம் கட்டுப்படுவது கஷ்டம். அடுத்து, வேறு என்ன விழுங்குகிறீர்கள்? மூட்டுவலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மூக்கடைப்பு மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரை, இருமலுக்கென்று நெடுநாள் சாப்பிடும் அதிமதுரம், இவை எல்லாமே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

சரி, மாத்திரை எப்போது? மேல் அளவு 140-க்கும் 159-க்கும் இடையில், சர்க்கரை, சிறுநீரக, இதய நோய் இல்லாதவர் என்றால் வாழ்க்கைமுறைக்கு மட்டும் மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். 160/100-ஐத் தொட்டுவிட்டால் மாத்திரையும் இவையும் சேர்ந்தே தொடங்கட்டும். அளவு 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் "குறைஞ்சிடுச்சே" என்று தானாக நிறுத்தக்கூடாது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் அழுத்தமும் துடிப்பும் எகிறும். எடை இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, நோட்டில் 110-க்குக் கீழே அடிக்கடி வருகிறது என்றால் அந்த நோட்டோடு வாருங்கள். எந்த மாத்திரையை முதலில் பாதியாக்குவது என்று பார்த்துச் சொல்ல முடியும்.