பிக்கப் டிரக்கின் மென்மூடி: விலை குறைந்ததை விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பிக்கப் டிரக்குகளில் பெரும்பாலானவை, ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ, ராம் 1500 ஆகிய மூன்றும் உட்பட, திறந்த சரக்குத் தொட்டியோடுதான் விற்பனைக்கு வருகின்றன. வாரநாட்களில் அந்தத் தொட்டியில் கிடக்கும் கருவிப்பெட்டியும் மளிகைப் பைகளும் மழையில் நனையக்கூடாது, கண்டவர் கண்ணில் படவும் கூடாது. வாரக்கடைசியில் அதே தொட்டியில் ஒரு குளிர்பதனப்பெட்டியை நிமிர்த்தி வைத்தோ, 4 அடிக்கு 8 அடி ஒட்டுப்பலகைகளை அடுக்கியோ கொண்டுபோக வேண்டியிருக்கும். இவ்விரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதால், எளிதில் கழற்றவோ சுருட்டவோ கூடிய மூடிகளுக்கு அங்கே பெரிய சந்தை இருக்கிறது. அவற்றைப் பொதுவாக டனோ கவர் என்பார்கள். சுருள் மூடி, மூன்றாக மடியும் மென்மூடி, மடியும் கடினமூடி, கீல் வைத்த ஒற்றைப் பலகை, பெட்டிக்குள் இழுபடும் மூடி எனப் பல வகைகள் உண்டு. விலை குறைந்தவை முதல் இரண்டும்தான்; துணியாலான இவ்விரண்டையும்தான் இங்கே மென்மூடி என்கிறேன். சுமார் 200 முதல் 400 டாலருக்குள் அவை கிடைக்கும். கடினமூடிகள் பெரும்பாலும் 700 டாலருக்கு மேல் தொடங்குகின்றன. உள்ளே இழுபடும் வகை 1,500 டாலரை எளிதில் தாண்டிவிடும்.

மென்மூடி வாங்குவோர் பலரும் முதலில் துணியின் தடிமனைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது இயல்பானதுதான் என்றாலும், என் கணிப்பில் அங்கே பார்ப்பதைவிட மூடியின் விளிம்பைப் பார்ப்பதே பயன் தரும். காற்று, நீர், குளிர் ஆகிய மூன்றும் இந்த மூடியை விளிம்பில்தான் சோதிக்கின்றன. நடுத்துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் விளிம்பு பிடி விட்டால் மூடி பயனற்றுப் போகும். இதன் காரணம் இயற்பியலில் இருக்கிறது.

தட்டையாக விரித்த துணிக்குத் தன்னளவில் விறைப்பு கிடையாது. பலகை வளைவதை எதிர்த்துச் சுமையைத் தாங்குகிறது; துணியால் அது முடியாது. துணி சிறிது தொய்ந்து, அந்த வளைவின் வழியே சுமையை இழுவிசையாக மாற்றி, விளிம்புகளுக்குக் கடத்துகிறது. துணி காயப்போடும் கொடிக்கயிறும் இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. தொய்வின் அளவு சுமைக்கு நேர்விகிதத்திலும், இழுவிசைக்கு எதிர்விகிதத்திலும், தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. இந்தக் கடைசிப் பகுதியே வாங்குபவருக்கு முக்கியமானது. துணிக்கு அடியில் ஒரு அலுமினியக் குறுக்குச்சட்டத்தைக் கூடுதலாக வைத்துத் தாங்கல் தூரத்தைப் பாதியாக்கினால், அதே இழுவிசையில் தொய்வு கால்பங்காகக் குறைந்துவிடும். ஆகவே இரண்டு மூடிகளின் விலையும் துணியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், குறுக்குச்சட்டங்கள் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுப்பதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு தொட்டியின் முன்பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாத மூடி, துணி நாளடைவில் நீண்டு தளர்ந்தபின் அப்படியே நின்றுவிடும்.

தொய்வு வெறும் அழகுக்குறை அல்ல. ஏறத்தாழ இரண்டரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு குட்டைத் தொட்டி மூடியின் மேல் 1 சென்டிமீட்டர் மழைநீர் நின்றாலே அது 25 லிட்டர், அதாவது 25 கிலோகிராம். நீர் நின்றால் துணி தொய்கிறது. தொய்ந்தால் பள்ளம் பெரிதாகி இன்னும் அதிக நீர் அங்கே வந்து சேர்கிறது. தட்டையான கூரைகளைக் கட்டும் பொறியாளர்கள் அஞ்சுகிற அதே தொடர்வினை இங்கேயும் நடக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே தடுப்பவை இழுவிசையும் குறுக்குச்சட்டங்களும் மட்டுமே. பனியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. புதிதாய் விழுந்த பனியின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 100 கிலோகிராம் என்று கொண்டால், 30 சென்டிமீட்டர் பனி அந்த மூடியின் மேல் 75 கிலோகிராம் எடையை ஏற்றுகிறது. அது ஈரமேறி இறுகிய பனி என்றால் எடை இரண்டு மூன்று மடங்காகும். மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் இரவு முழுவதும் வெளியில் நிற்கும் டிரக்குக்கு மென்மூடி வாங்குபவர், காலையில் பனியைத் தள்ளிவிடும் வேலையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

நீர் கீழே அழுத்துகிறது என்றால், காற்று மேலே இழுக்கிறது. டிரக் வேகமாகச் செல்லும்போது அதன் கூரையைக் கடந்து வரும் காற்று பின்விளிம்பில் பிரிந்து, மூடிக்கு மேலே அழுத்தம் குறைந்த ஒரு பகுதியை உண்டாக்குகிறது. தொட்டிக்குள் இருக்கும் காற்றோ முன்சுவரிலும் பின்கதவிலும் உள்ள இடைவெளிகள் வழியே வெளிக்காற்றோடு தொடர்புடையது. அதன் அழுத்தம் அவ்வளவு குறைவதில்லை. இந்த வேறுபாடுதான் நெடுஞ்சாலையில் மென்மூடியை உப்பவைக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயங்கழுத்தம், அதாவது அதன் வேகத்தால் உண்டாகும் அழுத்தம், சுமார் 560 பாஸ்கல். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மூடியைத் தூக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், மொத்தத் தூக்குவிசை 28 கிலோகிராம் எடைக்கு நிகராகிறது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், நகரத் தெருவில் அசையாமல் கிடக்கும் மூடி நெடுஞ்சாலையில் படபடக்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

சுருள் மூடியில் அந்த விசை பெரும்பாலும் கடைசியில் வந்து சேரும் இடம், தொட்டியின் பக்கச்சுவர்மேல் பொருத்திய பக்கச்சட்டத்தின் மேலுள்ள வெல்க்ரோ பட்டை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் தன் நாயின் மயிரில் சிக்கிய முள்விதைகளைக் கண்டு உருவாக்கத் தொடங்கிய இந்தப் பிடிப்பானுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பட்டையின் தளத்துக்கு இணையாக இழுத்தால் அதன் கொக்கிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சேர்ந்து எதிர்க்கும். ஓரத்திலிருந்து மேல்நோக்கி உரித்தால் ஒரு சமயத்தில் ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டுமே எதிர்க்கும் என்பதால் அது எளிதில் பிரிந்துவிடும். துணி இறுக்கமாக இருக்கும்போது காற்றின் விசை விளிம்பை ஏறக்குறைய கிடைமட்டமாக உட்பக்கம் இழுக்கிறது. வெல்க்ரோ அதை நன்றாகத் தாங்கும். துணி தளர்ந்து உப்பினாலோ, அந்த இழுப்பின் கோணம் நிமிர்ந்து, பிடிப்பை உள்ளோரத்திலிருந்து உரிக்கத் தொடங்குகிறது. தளர்ந்த மூடி பிரிந்து பறப்பதும் இறுக்கமான மூடி அசையாதிருப்பதும் இந்தக் கோணத்தின் வேலைதான். துணியைச் சட்டத்தின் மேல்தளத்தில் மட்டும் ஒட்டாமல், விளிம்பைச் சுற்றி வெளிப்புறமாக மடித்துக் கீழே இறக்கி ஒட்டும் அமைப்பு, எந்தக் கோணத்தில் விசை வந்தாலும் அதை இணையிழுப்பாகவே மாற்றிவிடுகிறது. சில மூடிகளில் வெல்க்ரோவுக்குப் பதிலாகத் துணியோரத்தில் தைத்த பிளாஸ்டிக் பட்டி ஒன்று சட்டத்தின் காடிக்குள் செருகிக்கொள்ளும். மணலும் உறைபனியும் கொக்கிகளை அடைத்துவிடும் இடங்களில் எனக்கு அதுவே உகந்ததாகப் படுகிறது.

அடுத்தது துணியின் வேதியியல். வைனில் என்று விற்கப்படுவது, பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பி.வி.சி. பூசிய துணி. பாலியெஸ்டர் இழுவிசையைத் தாங்குகிறது, பி.வி.சி. நீரைத் தடுக்கிறது. பி.வி.சி. இயற்கையில் விறைப்பான பொருள். நம் வீடுகளின் தண்ணீர்க் குழாய் அதுதான். 1926இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ சீமன், அதனோடு சில திரவங்களைக் கலந்தால் அது ரப்பர்போல நெகிழும் என்று கண்டார். அந்த நெகிழ்வூட்டிகள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று நழுவவிடுகின்றன; ஆனால் அவை சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டவை அல்ல. அரிசோனாவின் கோடையில் கருப்பு மூடி கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்போது அவை சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. துணி சுருங்கி, விறைத்து, தையலோரங்களில் வெடிக்கிறது. நிறம் கருப்பாகவே இருப்பதற்கும் ஒரு நல்ல காரணம் உண்டு: அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, சங்கிலிகள் அறுபடாமல் காக்கிறது. மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலியக் கரைப்பான் கலந்த மெருகு எண்ணெய்களைப் பூசினால் நெகிழ்வூட்டி இன்னும் விரைவாக வெளியேறக்கூடும். நீரும் மென்மையான சோப்பும் போதும்.

கடுங்குளிரில் நடப்பது வேறு. வெப்பநிலை இறங்க இறங்கச் சங்கிலிகளின் நழுவல் நின்று, துணி விறைத்த தகடாகிறது. அந்த நிலையில் அதைச் சுருட்டினால் மேற்பூச்சு விரிசல் விடும். பழைய பாணியில் பொத்தான்களால் பொருத்தும் மூடிகள் மிக மலிவானவை என்றாலும், குளிர்காலத்தில் துணி சுருங்கிப் பொத்தான் தன் இடத்தை எட்டாமல் போகும் தொல்லை அவற்றுக்கு உண்டு. குளிர் மாநிலங்களில் வசிப்பவர் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

கழற்றக்கூடியது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் கவனித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சுருள் மூடியில் நாள்தோறும் திறப்பது துணி மட்டுமே. அது ஓட்டுநர் அறையின் பின்சுவரருகே உருளையாகக் கட்டப்பட்டு நிற்க, தொட்டி ஏறத்தாழ முழுவதும் திறந்துவிடும், பக்கச்சட்டங்கள் அப்படியே இருக்கும். மூன்றாக மடியும் மூடியில் தனிச் சட்டங்கள் கிடையாது. நான்கு கிளாம்புகளைத் தளர்த்தினால் மொத்தமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் கழற்றாமல் மடித்து வைத்தால் முன்பகுதி மூடியே கிடக்கும். உயரமான பொருள்களை அடிக்கடி ஏற்றுபவருக்குச் சுருள் மூடியும், மாதக்கணக்கில் மூடியே இல்லாமல் ஓட்டி, பிறகு சில மாதங்கள் பொருத்திக்கொள்பவருக்கு மடிப்பு மூடியும் பொருந்தும்.

இரு வகையும் தொட்டியின் பக்கச்சுவர் உதட்டை அடியிலிருந்து கவ்வும் கிளாம்புகளால்தான் நிற்கின்றன, துளையிட வேண்டியதில்லை. அந்த உதட்டை மறைக்கும் பிளாஸ்டிக் உட்தொட்டி பொருத்தியிருந்தால் கிளாம்பு கவ்வும் இடங்களில் அதை வெட்ட நேரும். எஃப்-150இன் உடற்பகுதி 2015 மாடலிலிருந்து அலுமினியத்தால் ஆனது என்பதால், அங்கே எஃகுக் கிளாம்பு நேரடியாக உலோகத்தைத் தொடுவது நல்லதல்ல. குளிர்காலச் சாலை உப்பு கரைந்த நீர் இரண்டுக்கும் நடுவே புகுந்தால் ஒரு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். அலுமினியக் கிளாம்போ, இடையில் ஒரு ரப்பர் திண்டோ இருக்க வேண்டும். அளவிலும் எச்சரிக்கை தேவை. எஃப்-150இன் குட்டைத் தொட்டி 67.1 அங்குலம், ராம் 1500இன் குட்டைத் தொட்டி 67.4 அங்குலம். நீளம் ஏறத்தாழ ஒன்று என்பதற்காக ஒன்றின் மூடி மற்றதில் பொருந்திவிடாது. அகலமும் உதட்டின் வடிவமும் மாறுபடுகின்றன. பழைய மூடியை மலிவாக வாங்குவோர் மாடல், ஆண்டு, தொட்டி நீளம் மூன்றையும் ஒத்துப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

விற்பனையாளர்கள் எரிபொருள் சேமிப்பைப் பற்றியும் பேசுவார்கள். மூடி காற்றுத்தடையைச் சிறிது குறைப்பது உண்மைதான். ஆனால் திறந்த தொட்டிக்குள்ளும் ஒரு காற்றுச்சுழல் தங்கி, மேலே வரும் காற்றை ஓரளவு வழுக்கிச் செல்லவிடுகிறது; ஆகவே ஆதாயம் பெரிதாக இருப்பதில்லை. ஆண்டுக்கு 12,000 மைல், காலனுக்கு 20 மைல் என்றால் 600 காலன் செலவாகும்; அதில் 1 விழுக்காடு மிச்சமானாலும் 6 காலன்தான், காலன் 3.50 டாலர் என்றால் 21 டாலர். 300 டாலர் மூடியின் விலை இந்த வழியில் திரும்பி வருவதற்குள் அதன் வைனிலே உழைத்து ஓய்ந்திருக்கும்.

நீர்த்தடுப்பைப் பொறுத்தவரை, பக்கங்களில் பஞ்சுப்பட்டை ஒட்டியதைவிட, உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர் குழாய் சீல் வைத்ததைத் தேர்ந்தெடுக்கலாம். பஞ்சு அழுந்தியே கிடந்து பழகித் தன் தடிமனை இழந்துவிடும், நல்ல ரப்பர் திரும்ப எழும். ஆனாலும் தொட்டியின் முன்மூலைகளிலும் பின்கதவைச் சுற்றியும் டிரக்கிலேயே இடைவெளிகள் உள்ளன; பின்கதவுக்குத் தனியாக விற்கும் சீல் பட்டையை ஒட்டினால் தூசியும் நீரும் பெருமளவு குறையும். பொருத்தியபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கிளாம்புகளை ஒருமுறை மீண்டும் முடுக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தொடக்க நாட்களில்தான் அதிகமாக விட்டுக்கொடுக்கின்றன, கிளாம்பின் பிடியும் அப்போதுதான் தளர்கிறது.